மூணே மூணு புழு: மணலில் கிடைத்தது புது இனமா என்று பார்க்க எந்த வழி?

போன மாதம் தூத்துக்குடிப் பக்கம் எம்.எஸ்சி படிக்கும் தங்கை ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள். “அக்கா, கரை மணலை அலசினப்போ கிடைச்சது. எந்தக் கீயிலயும் ஒத்துவரல. மொத்தம் மூணே மூணு புழுதான் இருக்கு. டிஎன்ஏவுக்கு அனுப்பட்டுமா, எஸ்இஎம் எடுக்கட்டுமா, இல்ல மைக்ராஸ்கோப்புல பார்த்தே எழுதிடட்டுமா?” (கீ என்பது அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து இனத்தின் பெயருக்கு வந்து சேர உதவும் பட்டியல். எஸ்இஎம் என்பது மேற்பரப்பை மிக நுணுக்கமாகக் காட்டும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்.)

இதே கேள்வி வருஷத்துக்கு நாலைந்து முறையாவது யாராவது ஒருவரிடமிருந்து வருகிறது. “எல்லாத்தையும் செய்” என்று சொல்லிவிடுவது சுலபம். ஆள், பணம், கருவி எல்லாம் உள்ள ஆய்வகத்துக்கு அது சரியான பதிலும்கூட. கையில் மூன்று புழு, கல்லூரி மைக்ராஸ்கோப், ப்ராஜெக்ட் முடிய எட்டு மாதம் என்று இருப்பவருக்கு அது பதிலே இல்லை. காரணம் புழுவின் அளவு. மீனாக இருந்தால் துடுப்பில் ஒரு துணுக்கு வெட்டி டிஎன்ஏவுக்குக் கொடுத்துவிட்டு மீனை முழுசாக ஜாடியில் போட்டு வைக்கலாம். ஒரு மில்லிமீட்டர் புழுவில் வெட்டிக் கொடுக்கத் துணுக்கு ஏது? ஒரு வழியில் போனால் இன்னொரு வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும், அதனால்தான் எது முதலில் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே நான் சொல்வது மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் ஈர இடைவெளியில் வாழ்கிற புழுக்களைப் பற்றி. மையோஃபானா என்று படித்திருப்பீர்கள். ஒரு மி.மீ. அல்லது அரை மி.மீ. சல்லடையில் இறங்கிவிடும், 63 அல்லது 45 மைக்ரான் சல்லடையில் தங்கும். நூற்புழு, காஸ்ட்ரோட்ரிக், கைனோரிங்க் என்ற நுண்ணுயிர் விலங்குகள், பாலிகீட் எனப்படும் வளைய உடல் புழுக்களில் சின்னஞ்சிறியவை எல்லாம் இதில் அடக்கம்.

நம் ஊர் மணலில் ஏற்கெனவே நடந்தது

இந்த வேலை நமக்குப் புதிது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தில் இருந்த கோபால ஐயரும் அலிக்குஞ்ஞியும் 1940-இல் சென்னைக் கடற்கரை மணலிலிருந்து ஒரு புழுவை விவரித்து பிசியோனெல்லா இண்டிகா என்று பெயர் வைத்தார்கள். ஒரு வருஷம் முன்பு, 1939-இல், ஓல்கா ஹார்ட்மன் வேறொரு புழுவுக்குப் பிசியோனெல்லா என்ற பேரினப் பெயரை வைத்துவிட்டிருந்தார். அதனால் 1943-இல் இவர்கள் பெயரை மாற்ற வேண்டி வந்தது. இன்று நாம் சொல்லும் பிசியோனிடென்ஸ் இண்டிகா அப்படித்தான் வந்தது. 1944-இல் இன்னொரு கட்டுரை: சாக்கோசிர்ரஸ் மைனர், பாலிகோர்டியஸ் மெட்ராசென்சிஸ், ப்ரோட்டோட்ரிலஸ் பியரன்டோனி என்று வரிசையாகச் சென்னைக் கரைப் புழுக்கள். (பிற்பாடு 1957-இல் ஹீராலால் சௌத்ரியோடு சேர்ந்து கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி போட்டு முட்டையிட வைத்தாரே, அதே அலிக்குஞ்ஞிதான்.) அவர்களிடம் இருந்தது ஒளி மைக்ராஸ்கோப்பும் பென்சிலும், அலை மடங்கும் இடத்திலிருந்து அள்ளி வந்த மணலும். அந்த விவரிப்புகளைத்தான் எண்பது வருஷம் கழித்து நாம் எடுத்து ஒப்பிடுகிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

எதை வைத்து எடை போடுவது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, வேலை முடிந்த பிறகு புழு மிஞ்சுமா? விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின்படி 1999-க்குப் பிறகு வெளியாகும் புது இனத்துக்கு ஹோலோடைப், அதாவது அந்தப் பெயரைத் தாங்கும் மூல மாதிரி, எது என்று குறிப்பிட வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் சொல்ல வேண்டும். எல்லாப் புழுவையும் கரைத்துவிட்டால் எதை வைப்பது?

இரண்டாவது, பழைய விவரிப்போடு ஒப்பிட முடியுமா? புது இனம் என்று சொல்வதன் பொருளே, இதுவரை பெயர் வைத்த எதுவும் இது இல்லை என்று காட்டுவதுதான்.

மூன்றாவது, பார்க்க ஒன்றுபோல் இருந்து உள்ளுக்குள் வேறாக இருக்கும் இனங்களை இந்த வழி பிரித்துக் காட்டுமா?

நான்காவது, பணமும் நேரமும். ரசீதில் வராத செலவுதான் இதில் அதிகம்.

| வழி | புழு மிஞ்சுமா | பழைய விவரிப்போடு ஒப்பிட | ஒன்றுபோல் இருக்கும் இனங்களைப் பிரிக்க | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| ஒளி மைக்ராஸ்கோப், வரைபடம் | மிஞ்சும் | நேரடியாக முடியும் | பல நேரம் முடியாது | பழகும் காலம், பழைய நூல்களைத் தேடுவது |
| எஸ்இஎம் | மிஞ்சும், ஆனால் வேறு எதற்கும் ஆகாது | ஓரளவு | மேற்பரப்பில் வித்தியாசம் இருந்தால் | உலர்த்தும்போது புழு கெடுவது |
| டிஎன்ஏ | பெரும்பாலும் மிஞ்சாது | பழைய மாதிரிகளோடு அரிதாகவே | இதுதான் சிறந்தது | ப்ரைமர் தோல்வி, மாசு, தவறான தரவு |
| நிபுணரோடு சேர்வது | அவர் கையில் | மிக நன்றாக | அவரிடம் உள்ள வசதியைப் பொறுத்து | காத்திருப்பு, அனுமதி |

அட்டவணை இவ்வளவுதான். ஆனால் இந்த நான்கையும் ஆட்டிவைக்கும் முடிவு இன்னொன்று இருக்கிறது, பலர் அதை முடிவு என்றே நினைப்பதில்லை.

குப்பியில் எதை ஊற்றினீர்கள்?

ஃபார்மலினா, எத்தனாலா? கடற்கரையில் அரை நிமிஷத்தில் ஊற்றிவிடுகிறோம். எந்த வழி திறந்திருக்கும், எது அடைபடும் என்பது அந்த அரை நிமிஷத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

ஃபார்மலின் உடலை அப்படியே நிறுத்தும். தலை, உணர்கொம்பு, சீட்டா (உடலில் நீட்டியிருக்கும் முள்மயிர்), தசை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். ஆனால் டிஎன்ஏவைப் புரதங்களோடு பின்னிப் பிணைத்துத் துண்டு துண்டாக்கிவிடும், டிஎன்ஏவைப் படிக்கும் அளவுக்குப் பெருக்கும் சாதாரண பிசிஆர் முறைக்கு அதன் பிறகு கிடைப்பது சொற்பம். எத்தனால் இதற்கு நேர்மாறு. டிஎன்ஏ பத்திரமாக இருக்கும், புழு சுருங்கி, வெளிறி, தொட்டால் ஒடியும்படி ஆகிவிடும். மென்மையான புழுவாக இருந்தால் அது எந்தக் குடும்பம் என்பதே சில சமயம் தெரியாமல் போகும். அப்புறம், எத்தனால் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஈர மணலோடு போட்டால் தண்ணீர் கலந்து நீர்த்துவிடும், அதனால் முதல் நாளே ஒரு தடவை மாற்றி ஊற்ற வேண்டும்.

நூற்புழுக்காரர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. டிஎம்எஸ்ஓ, ஈடிடிஏ என்ற இரண்டு வேதிப்பொருளோடு, கரையும் மட்டும் உப்பு சேர்த்த டிஇஎஸ்எஸ் கரைசல். 2006-இல் இதை நூற்புழுக்களுக்குப் பரிந்துரைத்தார்கள், உருவமும் டிஎன்ஏவும் இரண்டும் ஓரளவு நிற்கும், குளிர்பெட்டியும் வேண்டாம். தடித்த மேல்தோல் உள்ள புழுக்களுக்கு நல்லது. சுண்ணாம்பு உறுப்பு உள்ள உயிர்களுக்குப் போடாதீர்கள், ஈடிடிஏ சுண்ணாம்பைக் கரைத்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆராய்ச்சி தொடங்கிய புதிதில் ஒரு கரையிலிருந்து நாற்பதுக்கும் மேல் புழு எடுத்து, ஒன்று விடாமல் ஃபார்மலினில் போட்டேன். அழகாக வரைந்தேன். இரண்டு வருஷம் கழித்துக் கட்டுரையை மதிப்பிட்டவர், பக்கத்து இனத்திலிருந்து இது வேறுதான் என்பதற்கு டிஎன்ஏ ஆதாரம் கேட்டார், கேட்டதில் நியாயம் இருந்தது. அதே கரைக்குப் போனேன். இடையில் அங்கே கல் கொட்டித் தடுப்பு கட்டியிருந்தார்கள், கரடுமுரடாக இருந்த மணல் மாவு போல ஆகியிருந்தது. மூன்று தடவை போய் அலசினேன். ஒரு புழுகூட இல்லை. அந்த நாற்பதில் ஐந்தை மட்டும் எத்தனாலில் போட்டிருந்தால் போதும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

மணலிலிருந்து புழுவைப் பிரிக்கும் முறையும் இப்படித்தான், எப்படிப் பிரிக்கிறீர்களோ அதற்கேற்றதுதான் கண்ணில் படும். டென்மார்க்கின் ராய்ன்ஹார்ட் கிறிஸ்டென்சன் 1982-இல் பிரான்சின் ரோஸ்கோஃப் கடல் ஆய்வு நிலையத்தில் இருந்தபோது, கடைசி நாளில் வழக்கமான முறைக்கு நேரமில்லாமல் மாதிரியை நல்ல தண்ணீரில் அலசினார். உப்பு திடீரென்று குறைந்த அதிர்ச்சியில், மணலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த, கால் மில்லிமீட்டர் அளவுள்ள உயிர்கள் பிடி தளர்ந்து வெளியே வந்தன. 1983-இல் அவர் நானலோரிகஸ் மிஸ்டிகஸ் என்று பெயர் வைத்தபோது அது புது இனமாக மட்டும் வரவில்லை, லோரிசிஃபெரா என்ற ஒரு முழுத் தொகுதியே புதிதாகச் சேர்ந்தது. அதற்கு முன் எத்தனையோ பேர் மணல் அலசியிருப்பார்கள், அந்த உயிர்கள் மணலை விடாமல் பிடித்துக்கொண்டு அதிலேயே தங்கியிருக்கும்.

ஒளி மைக்ராஸ்கோப்பும் பென்சிலும்

என் மனசு இந்தப் பக்கம்தான், அதை மறைக்கவில்லை.

உயிரோடு பார்ப்பதில் தொடங்க வேண்டும். மெக்னீசியம் குளோரைடு சுமார் 7 சதவீதக் கரைசலில் மணலைப் பத்து நிமிஷம் ஊற வைத்தால் புழுக்கள் மயங்கும், சுழற்றி மேல்நீரைச் சல்லடையில் ஊற்றி, உடனே கடல்நீரில் கழுவிப் பெட்ரி தட்டில் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் தட்டில் அசைவு தெரியும். சாக்கோசிர்ரஸ் கிடைத்தால் ஒரு தடவையாவது பொறுமையாகப் பாருங்கள்: முன்னால் இரண்டு நீளக் கொம்பு, இரண்டு கண், பின்னால் வால் கவையாகப் பிரிந்திருக்கும், அந்தக் கவையில் ஒட்டும் சுரப்பிகள். பிப்பெட்டில் உறிஞ்சினால் கண்ணாடிக் குழாயின் உள்சுவரில் வாலை ஒட்டிக்கொண்டு நிற்கும், பிப்பெட்டை என்ன அழுத்தினாலும் வராது. வேகமாக உறிஞ்சி, அது சுதாரிப்பதற்குள் வெளியே தள்ள வேண்டும். அலை புரட்டும் மணலில் வாழும் புழு எப்படித் தன் இடத்தை விடாமல் இருக்கிறது என்று எனக்கு எந்த நூலும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

உயிரோடு இருக்கும்போது மட்டும் தெரிவது நிறைய. கண்ணின் நிறம், குற்றிழைகள் (உடல் மேல் அசையும் நுண்ணிய மயிரிழைகள்) எந்த வரிசையில் அடிக்கின்றன, குடலில் என்ன இருக்கிறது, முட்டை எங்கே இருக்கிறது எல்லாம் கண்ணாடி போன்ற உடலுக்குள் தெரியும். மேல் கண்ணாடித்துண்டின் நான்கு மூலையிலும் துளி மெழுகு வைத்து, ஓரத்தில் வடிதாள் வைத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் புழு நசுங்காமல் மெல்ல அமுங்கும். அந்த இரண்டு மூன்று நிமிஷத்தில் படமும் வீடியோவும் எடுத்துவிடுங்கள். இதெல்லாம் வெறும் அலங்காரத் தகவல் இல்லை. 2014-இல் சாக்கோசிர்ரஸ் பேரினத்தை இரண்டாகப் பிரித்து ஃபாரிங்கோசிர்ரஸ் என்று ஒன்றைப் புதிதாக்கினார்கள். இனப்பெருக்க உறுப்பு உடலின் இரு பக்கமும் இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா, தொண்டையில் தசைக் குமிழ் உண்டா இல்லையா என்பவைதான் பிரிக்கும் அடையாளங்கள். டிஎன்ஏவை ஒப்பிட்டு வரைந்த உறவு மரமும் அதே இடத்தில்தான் கிளை பிரிந்தது. இரண்டு சாட்சியும் ஒத்துப்போனதால் அந்தப் பிரிவு உறுதியாக நின்றது.

கேமரா லூசிடா, அதாவது மைக்ராஸ்கோப்பில் தெரிவதைத் தாளின் மேல் காட்டும் கருவி, இருந்தால் கையால் வரையுங்கள். போட்டோவில் ஒரு தளம்தான் தெளிவாக இருக்கும். வரையும்போது நீங்கள் ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்தி, பல தளங்களில் பார்த்ததை ஒரே படத்தில் கொண்டுவருகிறீர்கள். வரையும்போதுதான் “ஐந்தாவது வளையத்தில் சீட்டா ஏன் வேறு மாதிரி இருக்கிறது?” என்ற கேள்வியே வரும்.

சரி, இதில் உள்ள செலவு என்ன? பழகும் காலம்தான் பெரிய செலவு, ஒரு குடும்பத்தைக் கண் பழகவே ஒரு வருஷம் ஆகிவிடும். அடுத்தது நூல் தேடல். இந்தியாவில் பாலிகீட் பார்ப்பவர் கைக்கு முதலில் வருவது பியர் ஃபோவெல் 1953-இல் எழுதிய இந்திய விலங்கின வரிசைப் புத்தகம். அதை மதிக்கிறேன், இன்றும் பிரித்துப் பார்க்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் ஒரே இனம் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் என்று நம்பினார்கள். அதனால் ஐரோப்பாவில் விவரித்த பல பெயர்கள் நம் கரைப் புழுக்களுக்கும் ஒட்டிக்கொண்டன. அந்தக் கீயில் ஓட்டி ஒரு பெயரில் வந்து நின்றால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், அந்தப் பெயரின் மூல விவரிப்பு எந்த ஊர்ப் புழுவைப் பார்த்து எழுதியது என்று தேடிப் பாருங்கள். எதிலும் பொருந்தவில்லை என்றாலும் அவசரப்படாதீர்கள். முதலில் கடல் உயிர்களின் பெயர்களைப் பட்டியலிடும் வார்ம்ஸ் தரவுதளத்தில் அந்தப் பேரினத்தின் பட்டியலை எடுத்து, ஃபோவெலுக்குப் பிறகு வந்த இனங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இன்னொரு குறை உண்மையானது, அதற்கு மருந்து கிடையாது: கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இனங்களை இந்த வழி விட்டுவிடும்.

டிஎன்ஏ

அந்தக் குறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1969 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில், வெஸ்ட் ஃபால்மவுத் பக்கம் ஒரு எண்ணெய்ப் படகு தரை தட்டி எண்ணெய் கொட்டியது. மற்ற உயிர்கள் செத்துப்போன சேற்றில் கேப்பிடெல்லா கேப்பிடாட்டா என்ற சிறு புழு கூட்டம் கூட்டமாகப் பெருகியது. 1780-இல் கிரீன்லாந்திலிருந்து பெயர் பெற்ற புழு அது, மாசுள்ள சேறு எங்கே இருந்தாலும் இந்தப் பெயரைத்தான் எழுதுவார்கள். ஜூடித் கிராஸலும் ஃபிரெடெரிக் கிராஸலும் அதை வளர்த்து, நொதிகளைப் பிரித்துப் பார்த்து, 1976-இல் அது குறைந்தது ஆறு இனங்கள் என்று காட்டினார்கள். வளர்ந்த புழுக்கள் பார்க்க அச்சு அசல் ஒன்று, ஆனால் முட்டையின் அளவு வேறு, குஞ்சு நீந்தித் திரியும் காலம் வேறு, இனப்பெருக்கக் காலம் வேறு. அன்று டிஎன்ஏ படிக்கும் வசதி இல்லை, நொதிகளை வைத்தே கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்றுக்குக் கேப்பிடெல்லா டெலெட்டா என்று முறையாகப் பெயர் வைத்தது 2009-இல்தான், முப்பத்து மூன்று வருஷம் கழித்து. வேறென்று கண்டுபிடிப்பது ஒரு வேலை, பெயர் வைக்கும் அளவுக்கு விவரிப்பது இன்னொரு வேலை.

ஆக டிஎன்ஏ வேண்டும். அப்புறம் ஏன் உடனே அனுப்பச் சொல்லவில்லை?

ஒன்று, புழு போய்விடும். பாலிகீட் கொஞ்சம் நீளமாக இருந்தால் தலைப் பக்கத்தை வைத்துக்கொண்டு பின்பகுதியைக் கொடுக்கலாம், அடையாளங்கள் பெரும்பாலும் முன்பாதியில் இருக்கும். நூற்புழுவில் அதற்கும் வழியில்லை. பல தளங்களில் வீடியோ எடுத்து வைத்துவிட்டு முழுப் புழுவையும் கரைப்பார்கள். மேல்தோல் கெட்டியான உயிர்களில் உள்ளே இருப்பதைக் கரைத்து எடுத்துவிட்டு வெற்றுத் தோலை மீட்டுக் கண்ணாடித்தட்டில் ஏற்றுவதும் உண்டு. அதற்கு நல்ல கைப்பழக்கம் வேண்டும், முதல் தடவையே விலைமதிப்புள்ள மாதிரியில் முயலாதீர்கள்.

இரண்டு, ப்ரைமர், அதாவது படிக்க வேண்டிய மரபணுத் துண்டின் முனையில் ஒட்டி வேலையைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு. 1994-இல் ஃபோல்மர் குழு வெளியிட்ட ப்ரைமர் ஜோடியை வைத்து சிஓஐ மரபணுவில் சுமார் 658 எழுத்துகளைப் படிப்பதுதான் பார்கோடிங்கில், அதாவது ஒரு சிறு மரபணுத் துண்டை வைத்து இனத்தை அடையாளம் காண்பதில், வழக்கம். பல நூற்புழுக்களிலும் தட்டைப்புழுக்களிலும், சில பாலிகீட்களிலும்கூட, அது சரியாக ஒட்டாது. மூன்று புழுவைக் கரைத்து மூன்றிலும் ஒன்றும் வராமல் போன மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். 16எஸ், 18எஸ் என்ற வேறு மரபணுக்களுக்கான ப்ரைமர்களையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகம் தரும் கட்டண விவரத்தில் வெற்றி பெறும் ஓட்டத்துக்கான தொகைதான் இருக்கும், தோற்ற ஓட்டங்களின் செலவும் உங்களுடையதுதான்.

மூன்று, யாருடைய டிஎன்ஏ? ஜெனோடர்பெல்லா என்று சுவீடன் கடலில் கிடைத்த புழு ஒன்று இருக்கிறது, சில சென்டிமீட்டர் நீளம், குடல் உண்டு, மலவாய் இல்லை. 1997-இல் அதன் டிஎன்ஏவைப் பார்த்து அது சிப்பி வகையின் உறவு என்று முடிவு செய்தார்கள். 2003-இல்தான் தெளிவானது: அவர்கள் படித்தது அந்தப் புழு தின்ற சிப்பியின் டிஎன்ஏ. குடலைப் பிரிக்க முடியாத அளவு சிறிய புழுவை முழுசாகக் கரைக்கும் நமக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். முடிந்தால் ஒரு நாள் சுத்தமான கடல்நீரில் பட்டினி போட்டுவிட்டு எத்தனாலில் போடுங்கள்.

நான்கு, இது பலருக்குப் புரிவதே இல்லை: டிஎன்ஏ வரிசைகளைச் சேர்த்து வைக்கும் ஜென்பேங்க் தரவுதளத்தில் ஒத்த வரிசை இல்லை என்பதால் அது புது இனம் ஆகிவிடாது. கோபால ஐயரும் அலிக்குஞ்ஞியும் பெயர் வைத்த காலத்தில் டிஎன்ஏ எடுத்து வைக்க யாருக்கும் தெரியாது. பெயர் பெற்ற பல இனங்களுக்கு இன்னும் வரிசையே கிடையாது, இருப்பவற்றிலும் தப்பான பெயரில் ஏற்றியவை உண்டு. அதனால் மூல விவரிப்பு எந்தக் கரையிலிருந்து வந்ததோ அங்கேயே போய்ப் புதிதாகப் புழு எடுத்து, உருவம் பார்த்து, அதன் டிஎன்ஏவோடு ஒப்பிட்டால்தான் பேச்சு நிற்கும். பிசியோனிடென்ஸ் இண்டிகா என்ற பெயர் பிற்பாடு வேறு பெருங்கடல்களின் கரைகளிலிருந்தும் பதிவாகியிருக்கிறது. அவையெல்லாம் ஒரே இனமா என்று கேட்டால், சென்னை மணலில் எடுத்த புழுவின் வரிசை கையில் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. இதை நம் பிள்ளைகள் செய்ய வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன்.

மணலை மொத்தமாக அரைத்து அதில் இருக்கும் எல்லா உயிரின் டிஎன்ஏவையும் ஒரே தடவையில் படிக்கும் முறையும் இப்போது பரவலாக இருக்கிறது. எத்தனை வகை இருக்கின்றன என்று கணிக்க நல்ல வழி. உடல் இல்லாத வரிசைக்கு ஹோலோடைப் கிடையாது, அதனால் நம் கேள்விக்கு அது உதவாது.

எஸ்இஎம்

படம் பிரமாதமாக வரும், அட்டைப்படத்துக்குப் போடலாம். குற்றிழை வரிசை, தோலின் துளைகள், சீட்டாவின் நுனிப் பற்கள், கைனோரிங்கின் உணர்புள்ளிகள் இதெல்லாம்தான் இனத்தைப் பிரிக்கின்றன என்றால் எஸ்இஎம் தவிர வழியில்லை. மற்றபடி கையில் புழு தாராளமாக இருந்தால் மட்டும் போங்கள். நீரை நீக்கி, உலர்த்தி, தங்கம் பூசும்போது ஏதாவது ஒரு படியில் சில புழு சுருங்கும், சில ஒடியும், சில காணாமல் போகும். உள்ளே இருக்கும் எதுவும் தெரியாது. பூசிய பிறகு அந்தப் புழுவை வேறு எதற்கும் எடுக்க முடியாது. பத்துக்குக் கீழே இருந்தால் எஸ்இஎம் பக்கம் போக வேண்டாம் என்பது என் கணக்கு.

தெரிந்தவரோடு சேர்வது

அனுப்பிவிட்டுக் காத்திருப்பது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். படமும் வரைபடமும் அளவுகளும் முதலில் அனுப்புங்கள், புழுவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தையே இருபது முப்பது வருஷம் பார்த்தவர் ஒரு நல்ல வீடியோவில் “இது வளராத குஞ்சு, புது இனம் இல்லை” என்று சொல்லிவிடுவார், உங்களுக்கு ஆறு மாதம் மிச்சம். கேரளத்தில் கிடைத்த நமாலிகாஸ்டிஸ் ஜெயா 2012-இல் வெளியானபோது மகேஷோடு செபாஸ்டியன் க்விஸ்டும் ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டோபர் கிளாஸ்பியும் சேர்ந்திருந்தார்கள். அது சிறு புழு இல்லை, ஆனாலும் உள்ளூர்ச் சேகரிப்பு, டிஎன்ஏ, அந்தக் குடும்பத்தின் அனுபவம் மூன்றும் ஒரே கட்டுரையில் கூடுவது எப்படி என்பதற்கு நல்ல மாதிரி.

செலவு அனுமதியில் இருக்கிறது. உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002 இருப்பதால், மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிமுறைகளைப் பார்த்துவிடுங்கள், ஆணையத்தின் அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. அதே சட்டத்தின் 39-ஆவது பிரிவுப்படி, புதிதாகக் கண்டுபிடித்த வகையைக் குறிப்பிட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு அது இசட்எஸ்ஐ என்று நாம் சொல்லும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம், அதன் கடல் உயிரியல் மையமும் சென்னையில் இருக்கிறது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளில் எடுப்பதாக இருந்தால் வனத்துறை அனுமதி முதலில், மணல் அப்புறம்.

யாருக்கு எது

புழு நிறைய, நேரமும் உண்டு, குடும்பம் ஓரளவு பழக்கம் என்றால் மைக்ராஸ்கோப்பை முதுகெலும்பாக வையுங்கள், நான்கில் ஒரு பங்கை எத்தனாலில் தனியே ஒதுக்குங்கள். சந்தேகமே “இது அந்த இனமா, அதைப் போன்ற இன்னொன்றா?” என்பதுதான் என்றால் டிஎன்ஏ இல்லாமல் தீராது, இரண்டு கரையிலிருந்தும் புழு வேண்டும். நூற்புழு என்றால் டிஇஎஸ்எஸ்-இல் தொடங்குங்கள். கைனோரிங்க் மாதிரி மேற்பரப்பே அடையாளமான உயிர்களுக்கு எஸ்இஎம் செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள். ஒரே ஒரு புழுதான் என்றால் வரைந்து, படமெடுத்து, பத்திரப்படுத்தி வையுங்கள், பெயர் வைக்க வேண்டாம். ஒன்றை மட்டும் வைத்து எழுதுவதை விதி தடுக்கவில்லை. ஆனால் அந்த ஒன்று வளராததா, அடிபட்டதா, அந்த இனத்துக்குள்ளேயே இருக்கும் சாதாரண வேறுபாடா என்று சொல்ல வழியில்லை, பின்னால் வருகிறவர் பாடு திண்டாட்டம்.

அந்த மூன்று புழு

தங்கையிடம் முதலில் கேட்டது குப்பியில் என்ன இருக்கிறது என்றுதான். மூன்றும் எத்தனாலில். உயிரோடு எடுத்த செல்போன் வீடியோ ஒன்று, நாற்பது விநாடி. அதை அனுப்பச் சொன்னேன். இரண்டு கொம்பு, கவை வால், பெட்ரி தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வளைந்தது. சாக்கோசிர்ரஸ் குடும்பம் என்பதில் சந்தேகமில்லை, இனம் தெரியவில்லை, கீயில் ஏன் மாட்டவில்லை என்பதும் புரிந்தது. எத்தனாலில் சுருங்கிய புழுவில் கொம்பு சுருண்டு வாலின் கவை மடங்கிப்போயிருந்தது.

எதையும் கரைக்க வேண்டாம், எஸ்இஎம் இப்போதைக்குப் பேச்சே இல்லை என்றேன். அடுத்த அமாவாசை வற்றத்துக்கு அதே இடத்துக்குப் போ, அதே அளவு மணல் அள்ளு, இந்தத் தடவை உயிரோடு ஒவ்வொன்றாகப் பார், இனப்பெருக்க உறுப்பு ஒரு பக்கமா இரு பக்கமா என்பதை முதலில் குறித்துக்கொள், பாதியை மயக்கிவிட்டு ஃபார்மலினில், மீதியை எத்தனாலில் போடு என்று எழுதி அனுப்பினேன். பழைய மூன்றில் ஒன்றின் பின்பகுதி டிஎன்ஏவுக்கு, அதுவும் புதுப் புழு கிடைத்த பிறகு. மற்ற இரண்டையும் தொடாதே. குப்பிக்குள் சீட்டு போட்டு, தேதி, இடம், அலைக் கோட்டிலிருந்து எத்தனை அடி, எந்த ஆழம் என்று பென்சிலால் எழுது. பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.